இது என்ன படம்?

ஓவியக் காட்சிக்குச் செல்லும் நம்மவர் வாயில் முதலில் பிறக்கும் கேள்வி இதுதான். யானை என்றோ தேர் என்றோ விடை கிடைத்துவிட்டால் மனம் அமைதி அடைகிறது. கால்கள் அடுத்த படத்துக்கு நகர்கின்றன. விடை கிடைக்காவிட்டால் குனிந்து பெயர்ச்சீட்டைப் படிக்கிறோம். அதில் 'தலைப்பு இல்லை' என்று எழுதியிருந்தால் சினமே வருகிறது. நம்மை எவனோ ஏமாற்றுகிறான் என்ற ஐயம் எழுகிறது.

நண்பர்களே, அந்தக் கேள்வி தவறு என்று சொல்ல வரவில்லை. அது ஒன்றே கேள்வி என்று இருந்துவிடுகிறோமே, அதைப் பற்றியதே என் வழக்கு. நாகசுர வித்துவான் தோடியை அரைமணி நேரம் ஆலாபனை செய்கிறார். அதில் சொல் இல்லை, கதை இல்லை. "இது எதைப் பற்றிய தோடி?" என்று எவரும் கேட்பதில்லை. ஓரிடத்தில் அவர் நின்று, போன வழியே திரும்பி வந்து, வேறு வழியாக மேலேறும்போது நம்மை அறியாமல் 'ஆகா' என்கிறோம். காதுக்குக் கொடுத்த உரிமையைக் கண்ணுக்கு ஏன் மறுக்க வேண்டும்? காது பல தலைமுறையாகப் பழகியது. கண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போவதில் பயனில்லை. நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம் சங்கத்தின் ஆண்டு விழா ஓவியப் போட்டிக்கு இரண்டு விதிகள் உண்டு. 'படம் ஒரு பொருளையோ நிகழ்ச்சியையோ தெளிவாகக் காட்டுவதாக இருத்தல் வேண்டும்' என்பது ஒன்று. 'படத்தைக் கைப்பேசியில் பிடித்து முதலில் அனுப்புதல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவை மட்டுமே கூடத்தில் வைக்கப்படும்' என்பது மற்றொன்று. இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து சென்ற ஆண்டு ஒரு படத்தை வாயிலிலேயே நிறுத்திவிட்டன. முதலாண்டு மாணவி ஒருவர் மெழுகால் தீட்டிய அருவ ஓவியம் அது. ஆங்கிலத்தில் 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்கிறார்களே, அந்த வகை. கைப்பேசியின் திரையில் அது அழுக்குப் படிந்த சுவர்போலத் தெரிந்ததாம். தீட்டியவர் முறையிடவில்லை. "போகட்டும் அண்ணா" என்று சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் போகட்டும் என்று விட மனம் வரவில்லை.

அப்போது தேர்வுக் குழுவில் இருந்த மூத்த மாணவர் ஒருவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், என்னிடம் சொன்னது இது: "தம்பி, உருகின மெழுகு ஓடின பக்கமெல்லாம் ஓடியிருக்கிறது. இதற்கு ஓவியம் என்று பேரா? மெழுகுவத்திக்கு அடியில் ஒரு தட்டை வைத்தால் நாளைக்கு நானும் ஒன்று கொண்டு வருவேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நன்றாகச் சொன்னார், சிரிக்கத்தக்கபடிதான் சொன்னார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அன்று நின்ற நிலையில் அவருக்குச் சொல்ல முடியாத விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேதியியல் மாணவன், ஓவியன் அல்லேன். அந்தப் படத்தை நேரில் பார்க்க விரும்பி, அவரும் அவர் தோழியரும் வாடகைக்கு எடுத்திருக்கும் மொட்டைமாடி அறைக்குச் சென்றேன். தில்லிக்காரர்கள் பர்சாத்தி என்பார்களே, அது. பார்த்தபின், இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போய்க் கற்றுக்கொண்டேன். ஆகவே கேள்வி ஞானத்தால் மட்டும் பேசவில்லை. கையில் மெழுகு பட்டவன் என்ற உரிமையோடு பேசுகிறேன்.

இந்தக் கலைக்கு மேனாட்டார் வைத்த பெயர் 'என்காஸ்டிக்'. கிரேக்கச் சொல், 'சுட்டுப் பதித்தது' என்பது அதன் பொருள். பெயரில் மெழுகு இல்லை, நெருப்புத்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வேண்டும் பண்டங்கள் மூன்று: தேன்மெழுகு, டாமர் என்னும் மரப்பிசின், நிறத்தூள். டாமர் வேறெதுவும் அன்று. நம் வீடுகளில் புகை போடும் குங்கிலியத்தின் இனம். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின் என்பது பலர் கொள்ளும் அளவு. பிசின் சேர்ந்தால் மெழுகு இறுகும், சற்றே பளபளக்கும், எளிதில் இளகாது. கடையில் வாங்கும் மெழுகுவத்தியை உருக்கி இதைச் செய்யலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் பாரஃபின், மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு, பலகையில் ஒட்டாமல் பொருக்குப் பொருக்காக உதிரும். அண்ணனின் தட்டு இந்த முதற்படியிலேயே தோற்றுவிடுகிறது!

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி வெப்பத்தில் உருகும். மின்னடுப்பின்மேல் ஒரு தட்டையான உலோகத் தகட்டை வைத்து, அதன்மேல் சிறு சிறு டப்பாக்களில் நிறம் கலந்த மெழுகை வைத்துக்கொள்கிறோம். வெப்பமானி கட்டாயம். 80 முதல் 90 டிகிரிக்குள் வைத்திருந்தால் நல்லது. 100ஐத் தாண்டவிட்டால் புகை கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தூரிகை பன்றிமயிர்த் தூரிகையாக இருக்க வேண்டும். நைலான் என்றால் சூட்டில் வளைந்து உருக்குலையும். துணி வேண்டாம், பலகை வேண்டும். துணி வளையும், வளைந்தால் மெழுகு வெடிக்கும்.

இனி வருவதுதான் சுவை. தூரிகையை டப்பாவில் தோய்த்து எடுத்துப் பலகைக்குக் கொண்டுவரும் நேரம் இரண்டு மூன்று நொடி. அதற்குள் மெழுகு இறுகத் தொடங்கிவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தைப்போல நிதானமாக இழுத்து, தடவி, கலந்துகொண்டிருக்க முடியாது. இட்ட கோடு இட்டபடி நிற்கும். தூரிகையின் ஒவ்வொரு மயிரும் தெரியும். தில்லிக் குளிர் நாட்களில் பலகையையே முதலில் சூடாக்கிக்கொண்டாலொழியத் தூரிகை பலகையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும்.

ஓர் அடுக்கு இட்டவுடன் அதன்மேல் வெப்பக் காற்றை ஊதி, கீழே உள்ள அடுக்கோடு ஒன்றாக்க வேண்டும். இதுதான் 'சுட்டுப் பதித்தல்'. இதைச் செய்யாமல் விட்டால் பின்னொரு நாள் அடுக்கு அப்பளம்போலப் பெயர்ந்து வரும். மங்கலாக இருக்கும் மெழுகு சூடு பட்டதும் ஒரு கணம் ஈரம்போல மின்னும். அந்த மின்னல் தோன்றியவுடன் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நொடி காட்டினால் அடியில் இருக்கும் கோடுகளும் இளகி மூழ்கிவிடும். அந்த ஒரு நொடியைக் கண் அறிய எனக்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. இப்படிப் பத்து அடுக்கு, பதினைந்து அடுக்கு, சிலர் முப்பது வரையிலும் இடுவார்களாம்.

அடுக்கியதோடு வேலை முடிவதில்லை. பாதி வேலை சுரண்டுவதில்தான் இருக்கிறது. தகட்டுக் கத்தியால் மேலிருந்து மெல்லச் சீவும்போது, கிணறு தோண்டுகையில் மண்ணின் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளிப்படுவதுபோல, சென்ற வாரம் இட்ட நிறம் திரும்பவும் வெளியே வருகிறது. ஆணியால் கீறி, கீறலில் கரிய எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்து, மேலே உள்ளதைத் துடைத்தால் தலைமயிர்போல நுண்ணிய கோடு நிற்கும். எண்ணெய் வண்ணம் காற்றோடு வினைபுரிந்து இறுகுவது. ஒருமுறை இறுகியபின் திரும்பாது. மெழுகு அப்படி அன்று. அது குளிர்வதால் மட்டுமே இறுகுகிறது. ஓராண்டு கழித்துச் சூடு காட்டினாலும் மீண்டும் வேலைக்கு இசையும். ஆகவே படம் முடிந்துவிட்டது என்று மெழுகு ஒருநாளும் சொல்லாது. தீட்டியவர்தாம் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த மாணவியின் படத்துக்கு வருகிறேன். இரண்டடிச் சதுரப் பலகை. மேலே பார்த்தால் வெண்மையும் சாம்பலும்தான். கைப்பேசி கண்டது அதை மட்டுமே. நேரில் சென்று நின்றால் வெண்மை ஒரு நிறமாக இல்லை, ஆழமாக இருக்கிறது. தேன்மெழுகு ஒளியைப் பாதி உள்ளே விட்டுத் திருப்பி அனுப்பும் பொருளாயிற்றே! தெளிந்த குளத்தின் அடியில் கல் தெரிவதுபோல, உள்ளே எங்கோ ஒரு நீலம் படர்ந்திருப்பது மெல்லத் தெரிகிறது. அந்த நீலத்தை அவர் மூன்றாம் அடுக்கில் இட்டு, அதன்மேல் ஏழு அடுக்கு வெண்மையால் மூடி, பின்பு ஒரே ஓரிடத்தில் மட்டும், வலப்பக்கத்துக் கீழ் மூலையை ஒட்டி ஒரு விரலகலம், சுரண்டித் திறந்திருக்கிறார்.

ஏன் அங்கே? நான் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அந்த நீலத்தை மறைத்துப் பார்த்தேன். படம் இடப்பக்கம் சாய்ந்து, வெறும் பலகையாகிவிட்டது. விரலை எடுத்தேன், மறுபடி நின்றது. நண்பர்களே, ஓடின பக்கமெல்லாம் ஓடிய மெழுகு இப்படிச் செய்யாது. தற்செயல் அந்தப் படத்தில் இல்லையா? இருக்கிறது. சூடு பட்ட மெழுகு தன் விருப்பப்படியும் சிறிது ஓடத்தான் செய்யும். ஓடியதில் எதைக் கொள்வது, எதைச் சுரண்டி எறிவது என்று முடிவு செய்தது கை. பத்து அடுக்குகளில் எத்தனை முடிவுகள்! அத்தனையும் அந்தப் பலகையின் ஓரத்தில், வெட்டுத் தோற்றத்தில், கணக்கேடுபோல நிற்கின்றன. 'இது என்ன படம்' என்ற கேள்விக்கு விடை சொல்லாத படம், 'இங்கே என்ன செய்யப்பட்டது' என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக விடை சொல்கிறது. அருவ ஓவியத்தைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு மெழுகைவிட நல்ல ஆசிரியன் கிடைக்க மாட்டான் என்று நான் துணிந்து சொல்வது இதனால்தான்.

'யாரும் செய்யலாம்' என்ற பழிச்சொல்லை அருவ ஓவியம் தொடக்கத்திலிருந்தே கேட்டு வருகிறது. ருஷ்ய ஓவியர் மாலேவிச் 1915இல் ஒரு கரிய சதுரத்தைத் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். கரிய சதுரம், வேறொன்றும் இல்லை. இன்றுவரை அதைப் பார்த்துச் சிரிப்பவர் உண்டு. நூறாண்டு கழித்து, 2015இல், மாஸ்கோவின் திரெத்தியாகவ் காட்சிக்கூடத்தார் அதை ஊடுருவிப் பார்த்தபோது கறுப்புக்கு அடியில் வேறு இரண்டு வண்ணப் படங்கள் புதைந்து கிடப்பதைக் கண்டார்கள். இரண்டு படங்களைத் தீட்டி, இரண்டையும் வேண்டாம் என்று மூடிய பின்பு பிறந்த கறுப்பு அது. 'நானும் செய்வேன்' என்பவர் மூன்றாவதை மட்டும் செய்கிறார். அடியில் உள்ள இரண்டையும் செய்துவிட்டு வருவாரா?

மெழுகோவியத்தின் பழமையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் இதை நேற்றுப் பிறந்த வேடிக்கை என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். உரோமானிய அறிஞர் பிளினி தம் காலத்தில் போர்க்கப்பல்களுக்கு உருக்கிய மெழுகு வண்ணம் பூசியதைக் குறிக்கிறார். வெயிலும் உப்புநீரும் காற்றும் அதைக் கெடுக்கவில்லையாம். ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் உரோமில் வாழ்ந்த இயாயா என்ற பெண் ஓவியரையும் அவர் சொல்கிறார். தூரிகையாலும், தந்தத்தின்மேல் சுட்டெழுதும் கருவியாலும் தீட்டியவர் அவர். கை வேகத்தில் அவருக்கு நிகர் இல்லை. அக்காலத்தில் பெயர் பெற்றிருந்த ஆண் ஓவியர் இருவரைவிட மிகுதியான விலை பெற்றார். நம் சங்கத்து மகளிர் பிரிவினர் இதைக் குறித்துக்கொள்ளலாம். எகிப்தின் ஃபாயும் பகுதியில் இறந்தோரின் முகத்தைப் பலகையில் தீட்டி உடலோடு வைத்துக் கட்டிய படங்களில் பல மெழுகோவியங்களே. 1888இல் பிளிண்டர்ஸ் பெட்ரி ஹவாராவில் அவற்றைத் தோண்டி எடுத்தபோது, ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட கண்கள் நேற்றுத் தீட்டியவைபோல ஈரமாக நோக்கின. பின்பு எண்ணெயும் பிறவும் வந்தன. மெழுகு மறைந்தது. மெக்சிகோவில் தியேகோ ரிவேரா 1922இல் ஒரு மாணவர் பள்ளியின் அரங்கச் சுவரில் தம் முதற்பெரும் சுவரோவியத்தை இம்முறையில்தான் தொடங்கினார்.

ஆனால் என் வழக்குக்குப் பெரிதும் துணை வருபவர் அமெரிக்கர் ஜாஸ்பர் ஜான்ஸ். 1954இல், இருபத்து நான்கு வயதில், தம் நாட்டுக் கொடியைத் தீட்டத் தொடங்கினார். முதலில் எனாமல் வண்ணத்தில். ஒரு கோடு காய்வதற்குள் அடுத்ததை இட முடியவில்லை. ஆகவே மெழுகுக்கு மாறினார். செய்தித்தாள் துண்டுகளை வைத்து ஒட்டி, அவற்றின்மேல் சிவப்பும் வெள்ளையும் நீலமுமான மெழுகைத் தீட்டினார். கொடி என்னவோ கொடிதான். நாற்பத்தெட்டு விண்மீன்களும் இருக்கின்றன. எனினும் அருகே செல்லச் செல்லக் கொடி மறைகிறது. மெழுகின் திரட்சியும், அடியில் பாதி தெரியும் அச்செழுத்துகளும், நின்று இறுகிய தூரிகைத் தடங்களுமே கண்ணில் படுகின்றன. 'இது என்ன படம்' என்ற கேள்விக்கு முதற்கணத்திலேயே விடை கிடைத்துவிட்டது. அந்த விடை ஒன்றுக்கும் உதவவில்லை! உருவம் தெளிவாக இருந்தால் ஓவியம் விளங்கிவிடும் என்று நம்பும் நம் விதிக்கு இதைவிட நல்ல மறுப்பு உண்டா? நியூயார்க்கின் நவீன கலைக் காட்சிக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். மெழுகோவியத்தை அச்சில் பார்ப்பது மல்லிகையைப் படத்தில் முகர்வது போன்றது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன்.

"எல்லாம் சரி, தமிழ்ச் சங்கத்துக்கும் மெழுகுக்கும் என்ன தொடர்பு?" என்ற கேள்வி வரும். வந்தும் விட்டது.

சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் காய்ச்சிச் சேர்த்துப் பதப்படுத்திய கலவையில்தான் ஸ்தபதி நடராசனை முதலில் கையால் உருவாக்குகிறார். இரண்டு பண்டங்களும் அப்படியே என்காஸ்டிக் ஓவியரின் டப்பாவில் இருப்பவை! அந்த மெழுகுருவத்தின்மேல் காவிரி வண்டலை அப்பி, காயவைத்து, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. வெற்றிடத்தில் உலோகம் பாய்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் எல்லாம் மெழுகு தன்னை அழித்துக்கொண்டு தந்த வடிவங்கள். பாத்திக் துணியிலும் மெழுகுக்கு இதே விதி. சாயம் ஏறக்கூடாத இடத்தை மெழுகு காத்து நிற்கும். சாயம் ஏறியதும் வெந்நீரில் வெளியேற்றப்படும். சென்னை ஓவியர்கள் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்களே, அந்த நிலத்தை வாங்கப் பணம் எப்படி வந்தது? பாத்திக்கும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான். நம் நாட்டின் நவீன ஓவியத்துக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்ததில் மெழுகுக்கும் பங்கு உண்டு. நம் பக்திப் பாடல்களிலும் நெருப்பிடைப்பட்ட மெழுகு அடியார் நெஞ்சுக்கு உவமையாக வந்து உருகி மறைகிறது. ஆக, நம்மிடம் மெழுகு எப்போதும் வேலை செய்துவிட்டுப் போய்விடும் ஆள். அந்த ஆளை உட்காரச் சொல்லி முகத்தைப் பார்ப்பது இந்த ஓவியமுறை. தமிழ் மாணவர் ஒருவர் அதைச் செய்யும்போது அயல் பொருளைத் தொட்டார் என்று சொல்வது எப்படி?

இதைச் சொன்னேனே தவிர, தமிழ்த் தொடர்பைக் காட்டினால்தான் ஒரு படத்தை உள்ளே விடுவோம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'கோலமும் அருவ ஓவியம்தானே' என்று சிலர் எனக்கு உதவ வருகிறார்கள். நன்றி, ஆனால் அந்த உதவி வேண்டாம். கோலத்துக்குப் புள்ளி உண்டு, கணக்கு உண்டு, தாயிடமிருந்து மகளுக்கு வந்த வழி உண்டு. அருவ ஓவியர் பலகைமுன் நிற்கும்போது அவருக்குப் புள்ளி வைத்துக் கொடுப்பார் ஒருவரும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டுக்கும் செய்யும் குறை.

மெழுகின்மேல் எனக்கு ஒரு குற்றச்சாட்டும் உண்டு. அது முகத்துதி செய்யும். எந்த நிறத்தை இட்டுச் சூடு காட்டினாலும் ஒரு பளபளப்பு வரும், ஒரு மயக்கம் வரும், தேன் வாசனை வேறு வரும். புதிதாகத் தொடங்குபவர் முதல் பலகையிலேயே 'அடடா' என்கிறார். அந்த 'அடடா' மெழுகுக்கு உரியது; அவருக்கு உரியதன்று. இன்று மேனாடுகளில் வீட்டுக்கூடத்தில் மாட்டுவதற்கென்றே ஏராளமான மெழுகு அருவ ஓவியங்கள் செய்யப்படுகின்றன. அச்சில் கண்டவற்றுள் பெரும்பாலானவை மிட்டாய்க் கடைப் பலகாரங்கள்போல அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான். கையில் வெப்பக் காற்று இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இளக்கி ஓடவிட்டவை அவை. அண்ணனின் ஏளனம் அவற்றுக்குப் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாணவியின் படத்தை நான் மதிப்பது அவர் ஓடவிட்டதற்காக அன்று. ஏழு அடுக்கால் மூடியதற்காக. கண்ணுக்கு இனிய நீலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விரலகலத்துக்கு மேல் காட்டாமல் இருந்தாரே, அதற்காக.

அந்த அடக்கத்தை நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால் இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீன கலைக் காட்சிக்கூடத்துக்கு ஒருமுறை போய் வரலாம். வி. எஸ். காயித்தொண்டேயின் படங்கள் அங்கே உள்ளன. 1924இல் நாகபுரியில் பிறந்தவர். 1972 முதல் தில்லியில் வாழ்ந்து 2001இல் மறைந்தவர். அவர் தீட்டியது எண்ணெய் வண்ணத்தில், மெழுகில் அன்று. ஆனால் உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் பரப்புவதும் எடுப்பதுமாக, அடுக்கின்மேல் அடுக்காக, ஆண்டுக்கு மிகச் சில படங்களே தீட்டினார். அருவம் என்ற சொல்லைக்கூட அவர் விரும்பவில்லை. பொருள் சாராத ஓவியம் என்றே சொல்லிக்கொண்டார். 2014இல் நியூயார்க்கின் குகென்ஹைம் காட்சிக்கூடம் அவருக்குத் தனிக்காட்சி நடத்தியது. நிசாமுதீனில் அவர் வாழ்ந்த நாளில் அவ்வழியே எத்தனை தமிழ் மாணவர்கள் பேருந்தில் போயிருப்பார்கள்! சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு படத்தின்முன் இருபது நிமிடம் நின்றேன். காவலர் இரண்டு முறை என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். பத்து நிமிடம்வரை ஒரு மஞ்சள் மட்டும்தான் தெரிந்தது. பின்புதான் அந்த மஞ்சளுக்குள் நடமாட்டம் தெரிந்தது. கைப்பேசிப் படத்தை நான்கு நொடி பார்த்துவிட்டு முடிவு செய்யும் தேர்வுக் குழுவின்முன் காயித்தொண்டே வந்திருந்தால் அவரும் வாயிலில்தான் நின்றிருப்பார்.

தீயைப் பற்றிய அச்சம் நியாயமானது. அதை நான் தள்ளிவிடவில்லை. விடுதி அறையில் மின்னடுப்பு வைக்கக் கூடாது என்பது விதி. மெழுகை உருக்க வேண்டும் என்றால் அந்த விதியை மீறத்தான் வேண்டும். துணி மடிப்பெடுக்கும் இஸ்திரிப் பெட்டியால் அட்டைமேல் மெழுகைத் தேய்த்து யாரோ விடுதியில் முயன்றதாகவும் கேள்வி. வேண்டாம் நண்பர்களே. மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதிமெழுகு நாற்புறமும் தெறிக்கும். மூடியால் மூட வேண்டும், அல்லது தீயணைப்பான் வேண்டும். சில நிறத்தூள்களில் ஈயமும் காட்மியமும் உண்டு. தூளைக் கையாளும்போது மூக்குக் கவசம் வேண்டும். இவையெல்லாம் ஒரு நல்ல அறையில், இரண்டு சன்னல்கள் திறந்திருக்க, ஆய்வுக்கூடப் பழக்கம் உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, எளிதில் ஆகக்கூடியவை. எங்கள் துறையில் இதைவிடக் கொடிய பொருள்களோடு நாள்தோறும் பழகுகிறோம்.

தில்லி வெயிலில் படமே உருகிவிடாதா என்று கேட்கிறார்கள். 45 டிகிரியில் உருகாது. மேற்பரப்பு சற்று இளகும், நகம் பட்டால் பதியும், அவ்வளவுதான். நேர்வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும். சில மாதங்களில் மேலே வெண்புகைபோல ஒரு மாசு படரும். மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். சங்கத்தின் பழைய கேடயங்களைத் துடைப்பதைவிட அது எளிது.

ஆகவே செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். முதல் விதியை அறவே நீக்கிவிடுங்கள். கைப்பேசித் தேர்வை, இடநெருக்கடி காரணமாக வேண்டுமென்றால் மற்ற படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெழுகோவியத்தையும், வண்ணம் தடித்துப் புடைத்து நிற்கும் பிற படங்களையும் நேரில் வந்து பாருங்கள். வரும் விழாவின் இரண்டு நாளும் நம் கூடத்தை ஒட்டிய பண்டகசாலை அறையைத் திறந்துவிட்டு, அங்கே ஒரு மின்னடுப்பும், ஒரு தகடும், வெப்பமானியும், தீயணைப்பானும், ஒரு கிலோ தேன்மெழுகும் வாங்கி வையுங்கள். தேன்மெழுகு தேனீ வளர்ப்போரிடம் கிடைக்கும். சிறு பலகைகளை நான் அறுத்துத் தருகிறேன். வருபவர் எவராயினும் மூன்று அடுக்கு இட்டு, சுட்டு, சுரண்டிப் பார்க்கட்டும். அண்ணனுக்கு முதற்பலகை என்று இப்போதே எழுதி வைத்துவிடலாம். அவர் தம் தட்டையும் கொண்டு வரட்டும்.

அந்த மாணவியிடம் இதைப் பற்றிச் சொன்னேன். "படத்தைத் திரும்பக் கொண்டு வரவா, அண்ணா?" என்று கேட்கவில்லை. "அந்த நீலத்தை இன்னும் கொஞ்சம் மூடலாமா என்று பார்க்கிறேன்" என்றார். மெழுகு அதற்கு இடம் கொடுக்கும் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

செயற்குழு கூடும் நாளன்று இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருவேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய உறுப்பினர் ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர் என் அறைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம்.